14 வயது மகளுக்கு ஹீமோகுளோபின் 9.8: மாத்திரையோடு வீட்டில் என்ன சமைத்துக் கொடுக்கலாம்?

நொய்யல்கரை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, 14 வயது. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மதியத்துக்கு மேல் தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போன வாரம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.8. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். "கீரை, பயறு நிறையக் கொடுங்க, ஒரு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கலாம்" என்றார். அதற்கு மேல் கேட்க அங்கே நேரமில்லை, வெளியே அவ்வளவு கூட்டம்.

எங்கள் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். நானும் அவரும் வேலைக்குப் போகிறவர்கள். பள்ளிப் பேருந்து 7:20க்கு வந்துவிடும். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் டீ, அப்புறம் இரண்டு இட்லி அல்லது தோசை, அதோடு இன்னொரு அரை டம்ளர் டீ. மதியத்துக்கு எலுமிச்சை சாதம், தக்காளி சாதம், தயிர் சாதம் என்று மாற்றி மாற்றிக் கட்டுவேன். மாலை வந்ததும் டீயும் பிஸ்கட்டும். இரவு சப்பாத்தி. முட்டை சாப்பிடுவாள். கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

கொல்லையில் முருங்கை மரம் நிற்கிறது. ஆனால் கீரை செய்தால் "கசக்குதும்மா" என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிடுகிறாள். மாமியார் பீட்ரூட் அடித்துக் கொடுக்கச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் மாதுளை, பேரீச்சம்பழம் என்று வாங்கி வந்து அடுக்குகிறார். இதெல்லாம் போதுமா? குக்கரில் வைத்தால் சத்து போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா? கசப்பில்லாமல் முருங்கைக்கீரை செய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

சேலத்து மாம்பழம்

அக்கா, என் தங்கைக்கும் கல்லூரி படிக்கும்போது இப்படித்தான் இருந்தது. கறுப்புக் கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊற வைத்து, மாலையில் சுண்டல் செய்து கொடுப்பார் அம்மா. பிஸ்கட் டப்பாவைக் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட்டார். காலையில் பாலில் கேழ்வரகுக் கஞ்சி. மாத்திரையும் சாப்பிட்டாள், சரியாகிவிட்டது. சுண்டலில் தேங்காயோடு மாங்காயும் துருவிப் போடுங்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடாமல் சாப்பிடுவார்கள்.

கரிசல்காட்டு அடுப்படி

தங்கச்சி, முதலில் மனதைத் தளர விடாதீர்கள். சரியாகக் கூடிய விஷயம் இது. நான் கோவில்பட்டிப் பக்கம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தட்டை ஏந்தி வரிசையில் நிற்கும் பெண் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்தது. கண்ணின் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டும். எத்தனையோ பிள்ளைகளுக்கு அது வெளுத்துக் கிடக்கும். வயசுக்கு வந்த பிறகுதான் இது இன்னும் கூடும். மாதாமாதம் ரத்தம் போகிறது, அதே சமயம் உடம்பும் வளர்கிறது. ஆனால் தட்டில் விழும் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது. 13 முதல் 15 வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. வளர்ந்த ஆணுக்கு அது 19தான். வீட்டில் அப்பா தட்டையும் மகள் தட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் உறுத்தியது டீதான். இட்லிக்கு முன்னால் ஒரு டீ, இட்லியோடு ஒரு டீ, மாலையில் இன்னொன்று. கீரை, பயறு, தானியம் இவற்றில் இருக்கும் இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது. சாப்பிட்டதில் சிறு பங்குதான் ரத்தத்துக்குப் போகும். டீயில் இருக்கும் துவர்ப்பு, அந்தச் சிறு பங்கையும் வயிற்றுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு வெளியே தள்ளிவிடுகிறது. காபியும் அப்படித்தான், டீ அளவுக்கு இல்லை. ஆகவே நீங்கள் புதிதாக ஒன்றும் சமைப்பதற்கு முன்னால், டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். காலை டீயை அடியோடு நிறுத்த முடிந்தால் ரொம்ப நல்லது. மாலையில் வந்ததும் சுண்டல், டீ வேண்டுமென்றால் ஆறு மணிக்கு மேல். காசில்லாமல் செய்யக்கூடிய முதல் வைத்தியம் இதுதான்.

டீ தடுக்கிறதென்றால், வைட்டமின் சி கைகொடுக்கிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, வதக்காத தக்காளித் துண்டு, மாங்காய், இதில் ஏதாவது ஒன்று அதே வேளைச் சாப்பாட்டோடு உள்ளே போனால், கீரையிலும் பயறிலும் இருக்கும் இரும்பு கூடுதலாக ஒட்டும். சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் கொய்யா சாப்பிட்டால் இந்தப் பலன் கிடைக்காது. எலுமிச்சையைவிடப் பெரிய நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி பல மடங்கு அதிகம், 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல். உப்பு நீரில் ஊறிய நெல்லிக்காய் ஒன்றை டப்பாவில் போட்டு விடுங்கள். கொய்யாவில் பாதியை நறுக்கி மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லும்?

பீட்ரூட்டைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மாமியார் பாசத்தில் சொல்கிறார், மறுக்க வேண்டாம், பொரியலாகச் செய்து போடுங்கள். ஆனால் 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட வராது. மாதுளையில் அதைவிடக் குறைவு. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நினைக்கிறோம், அவ்வளவுதான். பேரீச்சை கொஞ்சம் பரவாயில்லை, அதுவும் நாலு பழத்தில் ஒன்றும் ஆகிவிடாது. மாதுளை விற்கிற விலைக்கு ஒரு கிலோ கொண்டைக்கடலையும் எள்ளும் வாங்கிவிடலாம்.

இப்போது உங்கள் முருங்கை மரத்துக்கு வருகிறேன். கொல்லையில் மரத்தை வைத்துக்கொண்டு பிள்ளை சாப்பிடவில்லை என்றால் அதைவிட வருத்தம் ஏது! கசப்புக்குக் காரணம் பெரும்பாலும் முற்றிய இலையும் காம்பும். கிளையின் நுனியில் வெளிர்பச்சையாக, தொட்டால் துணி மாதிரி மடங்குகிற கொழுந்து இலையாகப் பறியுங்கள். கரும்பச்சையாகத் தடித்துப்போனதை விட்டுவிடுங்கள். ஆய்வதற்கு நேரமில்லை என்பீர்கள். மாலையில் கொத்துக் கொத்தாக ஒடித்து, ஒரு பருத்தித் துணியில் சுற்றி அடுப்படி மேடையில் வைத்துவிடுங்கள். காலையில் துணியோடு சேர்த்து நாலு உதறு உதறினால் இலை பெரும்பாலும் தானாக உதிர்ந்திருக்கும். மிச்சம் ஒட்டியிருப்பதை உருவிக்கொண்டால் போதும். இலைக்கு நடுவில் ஓடும் மெல்லிய ஈர்க்கைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். வாயில் நரநரவென்று படுவதும், கசப்பென்று பிள்ளைகள் சொல்வதும் பாதி அந்த ஈர்க்கால்தான்.

துவட்டலை இப்படிச் செய்யுங்கள். பாசிப்பருப்பு கால் கப் எடுத்து அரைமணி நேரம் ஊற வைத்து, மலர்ந்தும் குழையாமலும் வேக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், கீரை கறுத்துவிடும். வாயகன்ற சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி, கடுகு, உளுந்து, இரண்டு மிளகாய் வற்றல், கை நிறையச் சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு தட்டிப் போட்டு வதக்குங்கள். வெங்காயம் நன்றாகச் சுருண்டு இனிப்பு ஏறியதும் கழுவி வடித்த கீரை இரண்டு பெரிய கைப்பிடி. மூடி போடாதீர்கள், மூடினால் நிறமும் போகும், ஒரு பச்சை வாடையும் உள்ளேயே தங்கும். கரண்டியைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தால் கீரை உருண்டை உருண்டையாகத் திரண்டு கசப்பாக நிற்கும். ஆகவே இரண்டு தரம் மேலும் கீழும் புரட்டிவிட்டு விட்டுவிட வேண்டும். தண்ணீர் கையால் தெளித்தால் போதும். ஐந்தாறு நிமிடத்தில் இலை அடங்கி, சட்டியின் அடியில் ஈரம் வற்றும் சத்தம் மாறும். அப்போது உப்பு. கீரை அடங்கும் முன் உப்புப் போட்டால் அளவு தெரியாமல் கரித்துவிடும். வெந்த பருப்பைச் சேர்த்து, ஒரு மேசைக்கரண்டி வறுத்த நிலக்கடலையைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவி, தேங்காய்த்துருவல் ஒரு கை போட்டு இறக்குங்கள். இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் சூட்டில் வைட்டமின் சி போய்விடும், கீரையின் நிறமும் மங்கும். நிலக்கடலைப் பொடிதான் இதில் முக்கியம். எங்கள் ஊர் கடலை மிட்டாய்க்குப் பேர் போனது, 2020இல் புவிசார் குறியீடும் வாங்கியது. ஆகவே எங்கள் வீடுகளில் கடலை இல்லாத டப்பா கிடையாது. கசப்பு தெரியாமல் போவது அந்தக் கடலையால்தான்.

குக்கரில் சத்து போய்விடும் என்பதற்குப் பதில்: இரும்பு ஒரு தாது. சூட்டில் அழியாது. குக்கரில் வைத்தாலும் சட்டியில் வைத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். வேக வைத்த தண்ணீரைக் கொட்டினால்தான் கொஞ்சம் போகும். கொண்டைக்கடலை வெந்த தண்ணீரை ரசத்தில் ஊற்றிவிடுங்கள். சூட்டில் போவது வைட்டமின் சிதான், அதைத்தான் கடைசியில் எலுமிச்சையாகவும் கொய்யாவாகவும் திரும்பக் கொடுக்கிறோம்.

காலைக்கு இட்லி நல்லதே. உளுந்தும் அரிசியும் புளிக்கும்போது, இரும்பைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் குறைகிறது. பயறை முளைகட்டினாலும் அப்படித்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது கம்பு சேருங்கள். தீட்டிய பச்சரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான இரும்பு, கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். எங்கள் கரிசல் மண்ணில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் ஒரு காலத்தில் அன்றாடச் சாப்பாடு. அரிசிச் சோறு தீபாவளிக்குத்தான் என்று என் அம்மா சொல்வார். கம்பு மாவை மொத்தமாக அரைத்து வைக்காதீர்கள். அதில் எண்ணெய்ப் பசை அதிகம், சில நாளிலேயே சிக்கு வாடை அடித்துக் கசந்துவிடும். பிள்ளைகள் கம்பு பிடிக்கவில்லை என்று சொல்வது பாதி நேரம் பழைய மாவால்தான். கால் கிலோ, அரைக் கிலோவாக அரைத்து, காற்றுப் புகாமல் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கம்பு அடைக்கு இரண்டு கப் கம்பு மாவு, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி முருங்கைக் கொழுந்து, ஒரு மேசைக்கரண்டி எள், உப்பு. இதில் கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் தட்டும்போது ஓரம் வெடிக்கும், கோதுமை மாவுக்கு உள்ள இழுவை கம்புக்குக் கிடையாது. வாழை இலையில் எண்ணெய் தடவித் தட்டி, கல்லில் போட்டு, சுற்றிலும் நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் மொறுமொறுவென்று எடுங்கள். பச்சைத் தக்காளிச் சட்னியோடு கொடுங்கள். அதாவது கால்பங்கு தக்காளியை வதக்காமல் கடைசியில் அரைத்துச் சேர்த்தது.

மதியத்துக்கு நீங்கள் கட்டும் எலுமிச்சை சாதமே நல்ல சாதம். அதில் வெந்த கறுப்புக் கொண்டைக்கடலை ஒரு கை, வறுத்த நிலக்கடலை ஒரு கை சேர்த்துக் கிளறுங்கள். புளிப்பு ஏற்கெனவே இருக்கிறது, பயறு மட்டும் இல்லாமல் இருந்தது. கீரை வைக்கும் நாளில் தயிர் சாதம் வேண்டாம். கீரையும் தயிரும் ஒன்றாகக் கூடாது என்று நம் பாட்டிமார் செரிமானத்துக்காகச் சொன்னார்கள். இங்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. பால், தயிரிலுள்ள கால்சியம் அதே வேளைச் சாப்பாட்டின் இரும்பைச் சற்றுக் குறைக்கும். அதனால்தான் சேலத்துப் பிள்ளை சொன்ன கேழ்வரகுப் பால் கஞ்சியைத் தனி வேளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். கேழ்வரகு எலும்புக்குத் தங்கம், 100 கிராமில் 350 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அவசியம் கொடுங்கள், இரவு படுக்கும் முன்.

வாரம் ஒரு நாள் உளுந்தங்களி. பெண் பிள்ளை வயசுக்கு வந்தால் எங்கள் பக்கம் முதலில் கிண்டுவது இதுதான். தோலோடு கறுப்பு உளுந்து ஒரு கப், பச்சரிசி கால் கப், தனித்தனியாக வாசம் வர வறுத்து நைசாகப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு மாவுக்கு மூன்று பங்கு தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்து, கட்டாயம் வடிகட்டி, மண் இல்லாமல் கொதிக்க வையுங்கள். மாவைத் தூவித் தூவிக் கிண்டி, நல்லெண்ணெயை இடையிடையே விட்டு, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்குங்கள். கருப்பட்டியால்தான் ரத்தம் ஊறும் என்று அள்ளிப் போட வேண்டாம். சத்து உளுந்தில்தான், கருப்பட்டி இனிப்புக்கு மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதாகச் சொன்னீர்கள். கறிக்கடையில் வெறும் சதையாக வாங்காமல், மாதத்தில் இரண்டு முறை ஆட்டு ஈரலும், கிடைத்தால் சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) சொல்லி வையுங்கள். கறி, ஈரலில் உள்ள இரும்பு கீரையில் உள்ளதைவிடப் பல மடங்கு எளிதாக உடம்பில் சேரும். அதோடு சாப்பிடும் கீரை, பயறின் இரும்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சுவரொட்டியை மஞ்சள், மிளகு, உப்பு தடவி, கல்லில் சுட்டு நறுக்கிக் கொடுங்கள். உள்ளே ரத்தச் சிவப்பு நிற்காமல் முழுதாக வெந்திருக்க வேண்டும். காலையிலேயே போனால்தான் கிடைக்கும், ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான்.

நொய்யல்கரை

அம்மா, கண் கலங்கிவிட்டதுங்க. டீயைப் பற்றி ஒருவரும் சொன்னதில்லை. மாத்திரையையே டீயோடுதான் விழுங்கிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே துணியில் முருங்கையைச் சுற்றி வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். மாமியாருடைய பழைய இரும்புத் தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் பரணில் கிடக்கின்றன, துரு ஏறியிருக்கிறது. அதைப் புழங்கினால் பலன் உண்டா? அப்புறம், முருங்கைக்கீரையைப் பொடியாகச் செய்து வைத்துக்கொண்டால் அவசரத்துக்கு ஆகுமா?

தேனிச் செவிலியர்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மாத்திரை பற்றி மட்டும் சொல்கிறேன் சகோதரி, சமையல் பற்றி அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

14 வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.8 என்பது நடுத்தர அளவு ரத்தசோகை. இந்த அளவில் சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையை விட்டுவிடக் கூடாது. டீ, பால் இரண்டோடும் வேண்டாம். தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ விழுங்கட்டும். வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும், ஆனால் சிலருக்குக் குமட்டும், வயிறு பிடிக்கும். அப்படியானால் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்துப் பாருங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர், அது மாத்திரையின் நிறம்தான். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் கொய்யாவும் கூட்டுங்கள்.

குடல்புழு இருந்தால் எவ்வளவு கொடுத்தாலும் இரும்பு உடம்பில் நிற்காது. பள்ளிகளில் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஆல்பெண்டசோல் மாத்திரை தருகிறார்கள். அன்றைக்கு அவள் பள்ளிக்குப் போயிருந்தாளா என்று கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையும் உண்டு. தனியார் பள்ளி என்றால் அங்கே விசாரியுங்கள்.

மாதவிடாயின்போது ஏழு நாளைத் தாண்டிப் போகிறதா, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா என்று மகளிடம் பக்குவமாகக் கேளுங்கள். பிள்ளைகள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். அப்படியிருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எண் 12க்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடம்பின் சேமிப்பு நிரம்ப அதற்குப் பிறகும் சில மாதங்கள் வேண்டும். எவ்வளவு காலம் என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் எண் ஏறவே இல்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். மாத்திரையை நீங்களாகக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

கரிசல்காட்டு அடுப்படி

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. அந்த மாதவிடாய்க் கேள்வியை நானே எழுதியிருக்க வேண்டியது, அவர் என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்.

இரும்புச் சட்டியைப் பரணிலிருந்து இறக்குங்கள் தங்கச்சி. புளி, தக்காளி சேர்ந்த குழம்பை அதில் கொதிக்க விட்டால் சட்டியிலிருந்து இரும்பு கொஞ்சம் குழம்பில் இறங்கும். புளிப்பும், கொதிக்கும் நேரமும் கூடக் கூட அதுவும் கூடும். வத்தக்குழம்பு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு இதற்கெல்லாம் அந்தச் சட்டிதான். ஆனால் அடுப்பை அணைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். அதிலேயே விட்டால் குழம்பு கறுத்து, நாக்கில் காசு வைத்தது போலச் சுவை வரும், பிள்ளை அப்புறம் அந்தப் பக்கமே வராது. எவ்வளவு இறங்கும் என்பது சட்டிக்குச் சட்டி மாறும், ஆகவே இதை உதவி என்று வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைக்கு மாற்றாக நினைக்க வேண்டாம்.

துருவை எடுக்க, கரடுமுரடான கல்லுப்பும் தேங்காய் நாரும் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் அரிசி வடித்த கஞ்சியை நிரப்பி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் கொட்டிப் பார்த்தால் பழுப்பாக வரும். தண்ணீர் தெளிந்து வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். கடைசியில் அடுப்பில் வைத்துக் காயவிட்டு, நல்லெண்ணெய் தடவி, ஒரு கைப்பிடி வெங்காயத்தைக் கறுக்க வதக்கிக் கொட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு சமைக்கலாம். தினமும் கழுவியதும் ஈரத்தோடு கவிழ்க்காமல், அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து உலர்த்தி எண்ணெய் தடவி வைத்தால் துரு திரும்ப வராது.

பொடியும் தாராளமாகச் செய்யலாம். காய்ந்ததும் இலையின் இரும்பு ஒரு கரண்டிக்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். பொடி போட்ட இட்லியோடு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ சேர்த்தே கொடுங்கள். கீரையைக் கழுவி, ஈரம் போகத் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் நிழலில் காய விடுங்கள். வெயிலில் வேண்டாம், நிறம் வைக்கோலாகிவிடும். கையில் எடுத்து நொறுக்கினால் சருகுச் சத்தம் கேட்க வேண்டும். அந்தப் பதத்தில் நொறுக்கிய இலை ஒரு கப்.

தோல் உளுந்து அரைக் கப், கடலைப் பருப்பு கால் கப், எள் மூன்று மேசைக்கரண்டி, வற்றல் எட்டு, தோலோடு பூண்டு பத்துப் பல், கொட்டைப்பாக்களவு புளி, பெருங்காயம் ஒரு துண்டு. பருப்பையும் உளுந்தையும் தனித்தனியாகச் சிவக்க வறுங்கள். எள்ளை வெறுஞ்சட்டியில் பொரியும் வரை. வற்றல், புளி, பெருங்காயத்தைக் கொஞ்சம் எண்ணெயில். பூண்டைத் தட்டி, ஈரம் சுண்டும்வரை. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சட்டிச் சூட்டிலேயே இலையை ஒரு புரட்டு. எல்லாம் ஆறியதும் கல்லுப்போடு முதலில் பருப்பு, வற்றலைப் பொடித்து, அப்புறம் இலை, எள், பூண்டைப் போட்டு விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எள் எண்ணெய் விட்டு மாவு கட்டியாகிவிடும். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் வைத்தால் மூன்று வாரம் வாசம் மாறாமல் இருக்கும்.

காலையில் இட்லியைத் துண்டு துண்டாக்கி, நல்லெண்ணெயில் பொடியைக் குழைத்துப் புரட்டி டப்பாவில் போட்டுவிட்டால், பேருந்தில் போகும்போதே சாப்பிட்டுவிடுவாள். முதல் தரம் செய்யும்போது இலையை முக்கால் கப்பாகவும் எள்ளைக் கொஞ்சம் கூட்டியும் போடுங்கள். அவள் நாக்குக்குப் பழகிய பிறகு இலையைக் கூட்டிக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை எடுத்ததும் எவ்வளவு வந்தது என்று கட்டாயம் இங்கே எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.